அம்மா வீட்டில் விட்டது

புரூயிட் வந்தபோது ரோண்டா முதியோர் இல்லத்தின் சமையலறையில், ஓட்ஸ் கஞ்சி அடிப்பிடித்த அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பின்கதவு வழியாக உள்ளே வந்தவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அவள் தேய்த்து முடிக்கும்வரை நின்றார். அவளை மூன்று முறை கைது செய்தவர் அவர். மூன்றாவது முறை பிப்ரவரி மாதம். விலங்கு மாட்டிய பிறகு தன் மேல்கோட்டைக் கழற்றி அவள் தோளில் போட்டார். அந்தக் கைதுக்கு அப்புறம்தான் அவள் போதை ஊசியை விட்டாள். கோட்டுக்காக விட்டாள் என்று சொல்ல முடியாது. சிறையில் எட்டு மாதம், மறுவாழ்வு விடுதியில் ஒரு வருடம், பிறகு இந்தச் சமையலறை. ஆறு வருடம் ஓடிவிட்டது.

இப்போது அவர் சீருடை போடுவதில்லை. மாவட்ட அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் விசாரணை அதிகாரி. வந்த விஷயத்தைச் சுற்றி வளைக்காமல் சொன்னார். சிறையிலிருந்து கைதிகள் வெளியே போனில் பேசுவதெல்லாம் பதிவாகிறது. அதைக் கேட்டு எழுத ஆள் இருக்கிறது. எழுதுகிறவர்களுக்கு வார்த்தை காதில் விழுகிறதே தவிர அர்த்தம் புரிவதில்லை. போன மாதம் ஒரு கைதி, "இங்க மழை வருது, கடையைச் சாத்து" என்று சொல்லியிருக்கிறான். புதிதாக வந்த அதிகாரி ஒருவர் அன்றைய வானிலை அறிக்கையை எடுத்து, அந்த மாவட்டத்தில் மழையே பெய்யவில்லை என்று மூன்று பக்கத்துக்குக் குறிப்பு எழுதி வைத்திருக்கிறார்.

"மழைன்னா போலீஸ் வண்டி," என்றாள் ரோண்டா.

"எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியலையே. அதான் உங்களைத் தேடி வந்தேன்."

ஓஹையோ ஆற்றங்கரையில், கண்ணாடித் தொழிற்சாலை மூடிய பிறகு பாதி காலியாகிவிட்ட ஊர் அது. அந்தப் பேச்சைப் பேசியவர்களில் பாதிப் பேர் செத்துவிட்டார்கள். மீதியில் பாதிப் பேர் உள்ளே இருக்கிறார்கள். வெளியே இருந்துகொண்டு, தெளிந்த புத்தியோடு, உட்கார்ந்து எழுதக்கூடியவர்கள் என்று பார்த்தால் ரோண்டாவைத் தவிர வேறு யாரும் அவருக்கு ஞாபகம் வரவில்லை.

அவள் யோசிக்கக்கூட இல்லை, சரி என்றாள். காலை நான்கு மணிக்கு வேலைக்கு வந்தால் மதியம் ஒரு மணிக்கு முடிந்துவிடும். ஒரு மணியிலிருந்து தூங்கும்வரை உள்ள நேரத்தைத் தள்ளுவதுதான் அவளுக்குப் பெரிய பாடு. இதைச் செய்தால் அதில் நான்கு மணி நேரம் கழியும்.

நீதிமன்றக் கட்டடத்தின் அடித்தளத்தில், பழைய கோப்புகளுக்கு நடுவே, ஒரு மேசையும் கணினியும் கொடுத்தார்கள். காதில் மாட்டிக்கொள்ள ஒரு ஹெட்போன். தாளில் இரண்டு கட்டங்கள். இடப்பக்கம் அவர்கள் சொன்னது. வலப்பக்கம் அதற்கு என்ன பொருள் என்பது.

நோவு என்றால் சரக்கு கிடைக்காமல் உடம்பு முறுக்குவது. சுகம் என்றால் ஊசி ஏறிவிட்டது. ஒருத்தி சுகமாக இருக்கிறாள் என்று ஒருவன் சொன்னால், அவள் எங்கேயோ சுவரில் சாய்ந்து வாய் பிளந்து கிடக்கிறாள். விழுவது என்றால் அளவுக்கு மேல் ஏறி மூச்சு நிற்கப்போவது. படகு என்றால் டெட்ராய்டிலிருந்து சரக்கோடு வரும் கார். ஆற்றங்கரை ஊரில் படகு வந்ததா என்று கேட்டால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பாட்டி சமைக்கிறாள் என்றால் இன்றைய சரக்கு வீரியம் கூடியது, பார்த்துப் போடு. பாட்டிக்குக் கை நடுங்குகிறது என்றால் சரக்கில் கலப்படம்.

இளவட்டங்களின் பேச்சில் அவளுக்கே புரியாத வார்த்தைகள் வந்தன. அந்த இடங்களில் கேள்விக்குறி போட்டாள். ஆறு வருடத்துக்குள் பேச்சு அவளை விட்டுவிட்டுப் போயிருந்தது. நாற்பத்து நான்கு வயதில் அந்த உலகத்தில் அவள் ஒரு கிழவி.

இதையெல்லாம் திரும்பக் கேட்கும்போது உடம்பு பழையதைக் கேட்காதா என்று புரூயிட் ஒருநாள் தயங்கித் தயங்கி விசாரித்தார். இல்லை என்றாள். உண்மையும் அதுதான். கையுறை போட்டுக்கொண்டு பாத்திரத்தைத் தொடுவதுபோலத்தான் இருந்தது. சூடு இருக்கிறது என்று தெரியும், சுடாது. அவளுக்கு எல்லாமே அப்படித்தான் இருந்தது. தம்பி டெல்பர்ட் செத்தபோதும் அப்படித்தான்.

அது நான்கு வருடத்துக்கு முன்னால், ஜனவரியில். கண்ணாடித் தொழிற்சாலைக்கு எதிரே உள்ள பேருந்து நிழற்குடையில் உட்கார்ந்த நிலையில் டெல்பர்ட்டைக் காலையில் கண்டெடுத்தார்கள். சரக்கும் குளிரும் சேர்ந்து ஆளை முடித்துவிட்டது என்றார்கள். தனியாகப் போய் உட்கார்ந்திருக்கிறான், எழுந்திருக்கவில்லை என்றார்கள். செய்தி வந்தபோது ரோண்டா இல்லத்துக் கிழவர்களுக்குக் காலைச் சாப்பாட்டுத் தட்டு எடுத்துவைத்துக்கொண்டிருந்தாள். நாற்பத்தொரு தட்டு. எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டுத்தான் போய் அடையாளம் காட்டினாள். அழவில்லை. அப்புறமும் அழவில்லை. அழுகை வராததைப் பற்றிக் கொஞ்ச நாள் கவலைப்பட்டாள். பிறகு அந்தக் கவலையும் போய்விட்டது.

மூன்றாவது வாரத்தில் புரூயிட் ஒரு புதிய பதிவுத் தொகுப்பைக் கொண்டுவந்தார். டாரெல் ஸ்காக்ஸ் என்பவனின் அழைப்புகள். அவனை அவளுக்கு நன்றாகத் தெரியும். பாதிரி என்றுதான் கூப்பிடுவார்கள். ஊசி போடுவதற்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு எதையோ முணுமுணுப்பான். அவள் வயதுக்காரன். அவள் பேசிய பேச்சைப் பேசுகிறவன். அதனால் கேள்விக்குறிக்கு வேலையில்லை. வேகமாக எழுத முடிந்தது. சரக்கு விற்றதற்காக அவனைப் பிடித்து வைத்திருந்தார்கள். வெளியே அவன் வியாபாரத்தை அவனுடைய சித்தப்பா மகன் வேட் பார்த்துக்கொண்டிருந்தான். பாதிரி உள்ளேயிருந்து தினமும் யோசனை சொல்லுவான்.

நாற்பதாவது அழைப்போ என்னமோ. வேட் ஏதோ பதற்றத்தில் இருந்தான். வீட்டுக்கு வந்து போட்டுக்கொள்கிறவர்களில் ஒருத்தி முந்தின நாள் விழப்பார்த்தாள், முகத்தில் தண்ணீர் அடித்து எழுப்பினேன், இனி இப்படி ஆனால் என்ன செய்வது என்று கேட்டான்.

"ஆம்புலன்ஸ் கீம்புலன்ஸ்னு போன் பண்ணித் தொலைச்சிடாதடா," என்றான் பாதிரி. "அம்மா வீட்டுல விட்டுடு."

"நானா? தனியாவா?"

"ஏன், ஆணிய விடலையா நாம ரெண்டு பேரும்? அதே மாதிரிதான்."

"அவன் பாதி வழியில முழிச்சிட்டானே."

"ஆமா." பாதிரி சிரித்தான். "எங்கடா போறோம்னு கேட்டான். வேலைக்குப் போறோம்டான்னேன். சரின்னுட்டு, சுத்தியல் வீட்ல கிடக்குதேன்னான்."

வேட்டும் சிரித்தான். பிறகு பேச்சு வேட்டின் காருக்குப் போனது. பிரேக் சத்தம் போடுகிறதாம்.

ரோண்டா பதிவைப் பின்னால் தள்ளி மறுபடி கேட்டாள். இன்னொரு முறை கேட்டாள். டெல்பர்ட் கூரை வேலைக்காரன். இடுப்புப் பையில் எப்போதும் ஆணி இருக்கும்; உட்கார்ந்த இடத்திலெல்லாம் நாலு ஆணி உதிர்த்துவிட்டு எழுந்திருப்பான். ஆணி என்று அவனுக்குப் பேர் வைத்ததே ரோண்டாதான்.

இடப்பக்கக் கட்டத்தில் சொல் விடாமல் எழுதினாள். சுத்தியல் வரைக்கும் எழுதினாள். வலப்பக்கத்துக்கு வந்ததும் பேனா நின்றது.

அம்மா வீட்டில் விடுவது என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும். விழுந்தவரை, மூச்சு இருந்தாலும் இல்லாவிட்டாலும், வீட்டை விட்டு வெளியே கொண்டுபோய் யார் கண்ணிலாவது படும் இடத்தில் வைத்துவிட்டு வந்துவிடுவது. ஆம்புலன்ஸ் வந்தால் பின்னாலேயே மழையும் வரும். அதனால் வெளியே. யாராவது பார்ப்பார்கள், அம்மா மாதிரி எடுத்துக்கொள்வார்கள் என்று தொடங்கிய பேச்சாக இருக்கலாம். யாருக்குத் தெரியும்.

அவளுக்கு எப்படித் தெரியும் என்பதுதான் விஷயம். பதினொரு வருடத்துக்கு முன்னால், அக்டோபரில், அவளே ஒருத்தியை விட்டிருக்கிறாள். அப்போது அவள் லைல் என்பவனோடு வாழ்ந்தாள். அந்தப் பெண்ணுக்குப் பட்டன் என்று பேர். வேறு பேர் யாருக்கும் தெரியாது. இருபது இருபத்திரண்டு வயது இருக்கும். அவர்கள் குளியலறையில் விழுந்தாள். லைல் தோளைப் பிடித்தான், ரோண்டா காலைப் பிடித்தாள். மாதா கோயிலின் பின்புறம், துணி நன்கொடைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார்கள். வழியில் ஒரு ஷூ கழன்று விழுந்தது. ரோண்டா அதை எடுத்து வந்து மாட்டிவிட்டாள். திரும்பி வந்து, பட்டனுடைய பங்கையும் அவர்களே போட்டுக்கொண்டார்கள். லைல் இரண்டு வருடம் கழித்துச் செத்தான்.

வலப்பக்கத்தில் எழுதினாள்: சாகக் கிடப்பவரை உதவிக்கு ஆள் அழைக்காமல் வெளியே கொண்டுபோய்ப் போடுவது. எழுதிவிட்டு மீதமிருந்த பதினொரு அழைப்புகளையும் கேட்டு முடித்தாள். மாடிக்குப் போய்த் தாள்களைப் புரூயிட்டின் மேசையில் வைத்தாள்.

"ஆணின்னு ஒருத்தன் வர்றான் பாருங்க. அது என் தம்பி."

அவர் படித்தார். படித்து முடித்தும் தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. டெல்பர்ட்டைக் கண்டெடுத்த காலையில் நிழற்குடைக்குப் போன இரண்டு போலீஸ்காரர்களில் அவரும் ஒருவர்.

"இதைக் கேட்ட உடனே நீங்க மேல வந்திருக்கலாமே," என்றார்.

"இன்னும் பதினொண்ணு பாக்கி இருந்துச்சு."

அவர் ஒரு டம்ளரில் தண்ணீர் பிடித்து வந்து வைத்தார். அவள் குடித்தாள், தாகம் ஒன்றும் இல்லை.

அதற்கப்புறம் வேலை வேறு மாதிரி ஆனது. அந்த மேசையை அவளிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். செத்தவனின் அக்கா அந்த வழக்கின் பதிவைத் தொடக்கூடாது. பிரேதப் பரிசோதனை அறிக்கையை மறுபடி எடுத்துப் பார்த்தார்கள். சரக்கு மட்டும் அவனைக் கொன்றிருக்காது, குளிரில்தான் உயிர் போயிருக்கிறது, இரண்டு மூன்று மணி நேரமாவது ஆகியிருக்கும் என்று அதில் முன்பே எழுதியிருந்தது. தனியாகப் போய் உட்கார்ந்தவன் என்று நினைத்ததால் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. வேட்டைத் தேடினார்கள். அவன் ஆற்றைத் தாண்டிக் கென்டக்கிக்குப் போனவன்தான், ஆளே அகப்படவில்லை.

அரசு வழக்கறிஞர் கீன் என்ற பெண்மணி ரோண்டாவை உட்காரவைத்துப் பேசினார். சிக்கல் அந்த ஒரு வார்த்தையில் இருந்தது. டெல்பர்ட் கடைசிவரை குடியிருந்தது அவர்களுடைய அம்மாவின் பழைய வீட்டில். அம்மா போய்ப் பதினைந்து வருடம் ஆகியும் அது அம்மா வீடுதான். நிழற்குடையிலிருந்து இரண்டே தெரு. எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, என் கட்சிக்காரர் நண்பனை அவன் அம்மா வீட்டுக்குக் கூட்டிப்போனார், அவன்தான் வழியில் இறங்கிக்கொண்டான் என்று சொன்னால் ஜூரி நம்பிவிடும். அந்த வார்த்தைக்கு அர்த்தம் அது இல்லை என்று யாராவது சத்தியம் செய்து சொல்ல வேண்டும்.

"நான் சொல்றேன்," என்றாள் ரோண்டா.

"உங்களுக்கு எப்படித் தெரியும்னு கேப்பாங்க."

"எல்லாருக்கும் தெரியும்."

"எல்லாருக்கும் தெரியும்னு சொன்னா போதாதும்மா. கேட்டிருக்கீங்களா, பாத்திருக்கீங்களா, செஞ்சிருக்கீங்களா, மூணுல ஒண்ணைக் கேப்பாங்க."

சுவரோரம் நின்றிருந்த புரூயிட், எங்களிடம் இப்போது எதுவும் சொல்ல வேண்டாம், முதலில் உங்களுக்கென்று ஒரு வக்கீலைப் பாருங்கள் என்றார். அவரே ஒருவரின் பெயரை எழுதிக் கொடுத்தார். அந்த வக்கீல் இளைஞர், நல்ல மாதிரி. அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு, அவள் வாயைத் திறக்காமல் இருக்கச் சட்டத்தில் இடம் உண்டு என்றார். சொல்வதானால் அதைவைத்து அவள்மேல் வழக்குப் போடமாட்டோம் என்று அரசுத் தரப்பிடம் எழுதி வாங்கித் தருகிறேன் என்றார். அந்தக் காகிதம் வர மூன்று வாரம் பிடித்தது. அந்த மூன்று வாரமும் அவள் காலையில் கஞ்சி கிண்டினாள், மதியம் வீட்டுக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். தொலைக்காட்சியில் ஏலம் விடும் நிகழ்ச்சி ஓடும். யாருடைய பழைய கடிகாரத்தையோ யாரோ வாங்குவார்கள்.

விசாரணை செப்டம்பரில் வந்தது. நீதிமன்ற நடைவழியில் பாதிரியைக் கூட்டிக்கொண்டு போகும்போது எதிரே ரோண்டா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். இளைத்துப்போயிருந்தான், பல் எல்லாம் போயிருந்தது. கோட்டு யாருடையதோ, தோளில் நிற்கவில்லை. அவளைப் பார்த்ததும் அவன் முகத்தில் வந்தது சந்தோஷம்தான். பழைய ஆளைப் பார்த்த சந்தோஷம்.

"ரோண்டா," என்றான். "சுகமா இருக்கியா?"

ஊரில் எல்லாரும் பேசும் பேச்சில் கேட்டானா, அவர்களுடைய பேச்சில் கேட்டானா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. காவலர் அவனை நகர்த்திக்கொண்டு போய்விட்டார்.

கூண்டில் ஏறி, கையை உயர்த்திச் சத்தியம் செய்தாள். கீன் முதலில் வேறு வார்த்தைகளைக் கேட்டார். மழை, படகு, சுகம், விழுவது. மழைக்கு ஜூரியில் இரண்டு பேர் சிரித்தார்கள். பிறகு பதிவைப் போட்டார்கள். அந்தப் பெரிய அறையில் ஒலிபெருக்கி வழியாகக் கேட்டபோது இருவர் குரலும் அடித்தளத்தில் கேட்டதைவிட வயதானவர்களின் குரல்போல இருந்தது. சுத்தியல் வந்தபோது ஜூரியில் யாரும் அசையவில்லை. ரோண்டா எதிர்ச் சுவரில் இருந்த மின்விசிறிப் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா வீடு என்றால் என்ன என்று கேட்டார்கள். சொன்னாள்.

பாதிரியின் வக்கீல் லாங் எழுந்தார். குரலை உயர்த்தாமல், மரியாதையாகத்தான் பேசினார். செத்தவர் உங்கள் தம்பி. என் கட்சிக்காரர்மேல் உங்களுக்குக் கோபம் இருப்பது இயல்பு. இந்த வார்த்தைக்கு இப்படி ஓர் அர்த்தம் இருப்பதாக எந்தப் புத்தகத்திலும் இல்லை, எந்தப் போலீஸ்காரரும் கேள்விப்பட்டதில்லை. உங்கள் தம்பி குடியிருந்தது அம்மா வீட்டில்தானே என்றார்.

"ஆமா."

"அப்ப அம்மா வீடுன்னா அம்மா வீடுதானே?"

"இல்ல."

"நீங்க சொல்றீங்க. அது எப்படிம்மா உங்களுக்கு மட்டும் தெரியும்?"

ரோண்டா தன் வக்கீலைப் பார்க்கவில்லை. காகிதத்தைப் பற்றியும் நினைக்கவில்லை.

"நானும் ஒருத்திய விட்டிருக்கேன்," என்றாள்.

லாங் அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்த முடியாத இடத்துக்கு வந்துவிட்டார். எங்கே என்றார். சொன்னாள். யார் என்றார்.

"பட்டன்னு கூப்பிடுவோம். நிஜப் பேர் தெரியாது. அக்டோபர் மாசம். லைல் தோளைப் பிடிச்சான், நான் காலைப் பிடிச்சேன். ஒரு ஷூ கழண்டுச்சு. மாட்டிவிட்டேன்."

"அப்ப அந்தப் பெண் உயிரோட இருந்தாங்களா?"

"தெரியல. பாக்கல."

"பாக்கலையா?"

"பாத்தா தெரிஞ்சிடும்ல."

அவர் தன் தாள்களை ஒழுங்குபடுத்திக்கொண்டு உட்கார்ந்தார். நீதிபதி சிறிய இடைவேளை விட்டார். இறங்கிப் போகும்போது ரோண்டா பாதிரியைக் கடந்துதான் போக வேண்டியிருந்தது. அவன் கண்ணை மூடிக்கொண்டு எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தான்.

இரண்டு நாளில் தீர்ப்பு வந்தது. குற்றவாளி. எட்டு வருடம். புரூயிட் போனில் சொன்னார். சரி என்றாள். வேறு ஏதாவது தேவையா என்று கேட்டார். கொஞ்சம் யோசித்துவிட்டு, பதினொரு வருடத்துக்கு முன்னால் அக்டோபரில் மாதா கோயிலுக்குப் பின்னால் யாரையாவது கண்டெடுத்தார்களா என்று பார்த்துச் சொல்ல முடியுமா என்றாள்.

நகரத்துப் பத்திரிகையில் அவள் சொன்னது முழுப்பெயரோடு வந்திருந்தது. முதியோர் இல்லத்து மேலாளர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, வேலையை விட்டு எடுக்கப்போவதில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டார். ஆனால் கிழவர்களின் பிள்ளைகள் சிலர் போன் செய்கிறார்கள், கொஞ்ச நாளைக்குத் தட்டு கொண்டுபோக வேண்டாம், பின்னால் சமையலறையிலேயே இருங்கள் என்றார். ரோண்டா பின்னாலேயே இருந்தாள். உருளைக்கிழங்கு தோல் சீவினாள், அண்டா தேய்த்தாள். அவளோடு வேலை செய்த ஓர்லீன் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், வெங்காயம் எங்கே என்று கேட்டாள். அதோடு அது சரியாகிவிட்டது.

புரூயிட் அடுத்த வாரம் பழையபடி பின்கதவு வழியாக வந்தார். கையில் ஒரு துண்டுத்தாள். பிணம் எதுவும் இல்லை என்றார். அந்த மாதம் முழுக்க, அந்த இடத்திலும் இல்லை, பக்கத்திலும் இல்லை. ஆனால் பதினெட்டாம் தேதி காலையில் கோயிலிலிருந்து ஆம்புலன்ஸுக்கு ஒரு போன் போயிருக்கிறது. இருபது சொச்சம் வயதுப் பெண். பேர் சொல்லவில்லை. மருத்துவமனைக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். மறுநாள் படுக்கையில் ஆள் இல்லை, எழுந்து போய்விட்டாள்.

"அது அவளாத்தான் இருக்கணும்னு இல்ல," என்றார்.

"ம்."

"தேதி ஞாபகம் இருக்கா உங்களுக்கு?"

"இல்ல. குளிர் ஆரம்பிச்சிருந்துச்சு."

அவர் தாளை மேசைமேல் வைத்தார். மறுபடி அடித்தளத்தில் வந்து உட்கார விருப்பமா, வேறு வழக்குகள் நிறையக் கிடக்கின்றன என்றார். அவள் மாட்டேன் என்றாள். போகும்போது தொப்பியை மறந்து வைத்துவிட்டுத் திரும்பி வந்து எடுத்துக்கொண்டார்.

அக்டோபர் பிறந்ததும் ஒரு பெண்மணி இல்லத்துக்கு வந்து ரோண்டாவைப் பார்க்க வேண்டும் என்றார். ஹண்டிங்டனிலிருந்து ஒன்றரை மணி நேரம் காரோட்டி வந்திருந்தார். அறுபது வயது இருக்கும். பத்திரிகையில் படித்தேன் என்றார். பையிலிருந்து ஒரு புகைப்படத்தை எடுத்து நீட்டினார். பள்ளிக்கூடப் பட்டமளிப்பு உடையில் ஒரு பெண். காணாமல் போன என் மகள், இவளா பாருங்கள் என்றார்.

ரோண்டா கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தாள். உயரமான பெண், நீள முகம். பட்டன் குள்ளம்.

"இல்லம்மா," என்றாள்.

அவர் நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதற்கு ஒன்பது நாள் கழித்து இன்னொருவர் வந்தார். இவர் கணவரையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்; அவர் காரிலேயே இருந்தார். இந்தப் புகைப்படம் பிறந்தநாள் விருந்தில் எடுத்தது. கேக்கின் மெழுகுவர்த்தியை ஊதிக்கொண்டிருந்ததால் அந்தப் பெண்ணின் முகம் பாதிதான் தெரிந்தது. ரோண்டா ஜன்னல் வெளிச்சத்துக்குப் போய் நின்று நெடுநேரம் பார்த்தாள். அந்தக் குளியலறையில் ஒரு நாற்பது வாட் பல்புதான் எரிந்தது. அவள் அன்றைக்குப் பிடித்தது கால்களை; முகம் லைல் பக்கம் இருந்தது.

"எனக்குத் தெரியல," என்றாள். "பொய் சொல்லலம்மா. நிஜமாவே தெரியல."

"அவளை எப்படிப் படுக்க வெச்சீங்க?" என்று கேட்டார் அந்த அம்மா.

"ஒருக்களிச்சு. கோட்டைத் தலைக்கு அடியில வெச்சோம்."

"உங்க கோட்டா?"

"அவளோடதுதான்."

அந்த அம்மா தலையை ஆட்டினார். ஓர்லீன் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட, உட்கார்ந்தார். ரோண்டா காப்பி ஊற்றிக் கொடுத்தாள். பால் வேண்டாம் என்றார். பாதி குடித்துவிட்டு, இந்தப் படம் உங்களிடமே இருக்கட்டும், என்னிடம் இன்னொன்று இருக்கிறது, எப்போதாவது ஞாபகம் வந்தால் பின்னால் எண் எழுதியிருக்கிறேன் என்றார். ரோண்டா திருப்பிப் பார்த்தாள். எண்ணும், டோரத்தி லாமி என்ற பேரும் இருந்தன. மகளின் பேர் இல்லை.

"பொண்ணு பேர் என்னம்மா?"

"ஜோலீன்."

"ஜோலீன்," என்று ரோண்டா திருப்பிச் சொன்னாள். பேனாவை வாங்கிப் படத்தின் பின்னால் எழுதிக்கொண்டாள்.

அந்த அம்மா எழுந்து காருக்குப் போனார். கணவர் உள்ளேயிருந்தபடியே கதவைத் திறந்துவிட்டார். கார் உடனே கிளம்பவில்லை. ரோண்டா ஜன்னலை விட்டு நகர்ந்து, படத்தைத் தன் அலமாரியின் மேல்தட்டில், கையுறைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். மணி பன்னிரண்டு ஆகப்போகிறது. மதியத்துக்குக் கோழி நூடுல்ஸ். ஓர்லீன் தட்டுகளை அடுக்க ஆரம்பித்திருந்தாள். ரோண்டா ஏப்ரனைக் கட்டிக்கொண்டு அடுப்புப் பக்கம் போனாள்.